பன்னிரண்டாம் தறியில் அழுதவர்

ஒலிப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கருவிகளைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். நான் ஓய்வு பெறும்போதே அதில் பாதி எனக்குப் பிடிபடாமல் போயிருந்தது. அதனால் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஒன்று என்று ஆரம்பிக்கிறேன், அது மூன்றில் போய்த்தான் நிற்கும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை புதுச்சேரி முதலியார்பேட்டையில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லா வீட்டுக்கும் என் குழாய் ஸ்பீக்கர் போகும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வீடியோ கேம் செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. ஒலி எடுக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். போனேன், எடுத்துக்கொண்டார்கள். கீழே அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை, மேலே நாங்கள். கீழே இயந்திரம் நிற்கும் நேரம் பார்த்துத்தான் மேலே எதையும் பதிவு செய்ய முடியும்.

எங்களுக்கு வந்த வேலை ஒரு பேய் விளையாட்டு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்தது. பெயர் ‘பன்னிரண்டாம் தறி’. கடலோர ஊர் ஒன்றில் மூடிக் கிடக்கும் துணி மில்லுக்குள் ஒருவன் தன் தம்பியைத் தேடிப் போகிறான். பன்னிரண்டாம் தறியருகே ஒரு பெண் இருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுடைய அழுகை காதுக்கு வந்துவிட வேண்டும். விளையாட்டின் உயிரே அந்த அழுகையில்தான் இருந்தது.

அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து டப்பிங் பெண்களை வரவழைத்தோம். நாடகக்காரர்களைக் கூப்பிட்டோம். எல்லோரும் நன்றாகவே அழுதார்கள். எங்கள் டீம் லீடர் என்னைவிட வயதில் சிறிய பெண். மேடம் என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைப்பார். “இவங்க அழறாங்க சேகர் சார். ஆனா எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்பார்.

அந்த நாட்களில்தான் கோவிந்தன் அண்ணன் செத்துப்போனார். என் அப்பாவும் அவரும் ஒரே மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர்கள். மில் மூடியபின் அண்ணன் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போய்க்கொண்டிருந்தார். நெஞ்சுவலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. தகவல் வந்தபோது நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு இன்ஜின் சத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே கிளம்பிப் போனேன். தோளில் பை, பைக்குள் ரெக்கார்டர், மைக்.

அவர் மனைவி அஞ்சலை அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள் தோளில் கைபோட்டு அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணி யார்மீதும் சாயவில்லை. நான் வைத்த மைக்கில் நூறு ஒப்பாரி கேட்டவன் நான். இது வேறு. தினமும் வேலைக்கு எழுப்புகிற குரலில் அவர் தன் புருஷனை எழுப்பிக்கொண்டிருந்தார்.

“சங்கு ஊதிப் போச்சே மச்சான், சட்டைய மாட்டலியே…
மூணாம் ஷிப்டு போன மச்சான், முகம் காட்ட வல்லியே…”

மில் இருந்த காலத்தில் ஷிப்டு மாறும்போது ஊதும் சைரனைத்தான் எங்கள் பக்கம் சங்கு என்போம். அந்தச் சங்குச் சத்தம் நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்கு நிற்கவில்லை போலிருக்கிறது.

என் கை பைக்குள் போய் ரெக்கார்டர் பொத்தானை அழுத்தியது. ‘தானாகப் போனது’ என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். தானாகப் போகவில்லை. மைக்கை ஜிப் பக்கம் திருப்பி வைத்தேன். அதைத் தெரிந்துதான் செய்தேன். முப்பது நாற்பது நிமிஷம் அங்கே நின்று அழுதேன். அந்த அழுகையும் பொய்யில்லை.

மறுநாள் அதிலிருந்து பதினோரு விநாடி வெட்டினேன். பெயர் வரும் இடங்களை விட்டுவிட்டு, சங்கு வரும் இடத்தை எடுத்தேன். மேடம் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்ச் சற்றுநேரம் நின்றார்.

“யாரு சார் இவங்க?”

“தெரிஞ்சவங்க மேடம்.”

“கேட்டுட்டுத்தானே எடுத்தீங்க?”

“கேட்டுட்டுத்தான்.”

இது இரண்டாவது தவறு. ஒரே சொல்தான். அதைச் சொல்லும்போது என் குரல் மாறவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருஷ வேலை. முடியும் தறுவாயில் ஒரு காலை அந்த வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து நாலைந்து வரியில் ஒரு மெயில் வந்தது. விளையாட்டு கைவிடப்பட்டது, அவ்வளவுதான். மேடம் நின்றபடியே அதை வாசித்தார். மில்லின் சுவர்களை இரண்டு வருஷமாக வரைந்துகொண்டிருந்த ஒருவர் திரும்பி உட்கார்ந்து, பாதியில் விட்ட சுவரை மதியம் வரைக்கும் வரைந்து முடித்தார். அப்புறம் எழுந்து சாப்பிடப் போனார். பாதிப் பேர் அந்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. இனி அந்தக் குரலை யாரும் கேட்கப்போவதில்லை.

நிம்மதி சில மாதங்கள்தான் இருந்தது. பத்திரிகைகளுக்காக முதல் கட்டத்தை மட்டும் ஒரு டெமோ வட்டில் போட்டு அனுப்பியிருந்தோம். யாரோ அதை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். வெளிவராத விளையாட்டு என்பதாலேயே ஆட்கள் சேர்ந்தார்கள். அதற்கென்று ஒரு இணைய மன்றமே உண்டானது. அவர்களைக் கேலியாக நினைக்காதீர்கள். எங்கள் மில்லுக்கு அறை அறையாக வரைபடம் போட்டார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாங்களே மறந்துபோன சுவர்க்கிறுக்கல்களைப் படித்து அர்த்தம் சொன்னார்கள். நாங்கள் பாதியில் விட்டதை எங்கோ இருக்கிறவர்கள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் வேலையைத் தொடங்கும்முன் அதைப் படிப்பேன். இரண்டு வருஷ உழைப்பு வீண் போகவில்லை என்று மனசு நிறையும்.

ஒருநாள் அந்த அழுகையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். இவ்வளவு பெரிய நடிகை யார், இவருக்கு ஏன் எந்த விருதும் இல்லை என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகப் பாராட்டு, எல்லாம் அந்த நடிகைக்கு. எனக்குப் பொறுக்கவில்லை. அதைத் தேடிப் பிடித்தது நானல்லவா! பொய்ப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி எழுதினேன்: ‘அது நடிப்பு இல்லை.’

மூன்றாவது தவறு இதுதான். மூன்றிலும் இதுவே மோசம். முதலிரண்டுக்கும் வேலை நெருக்கடி என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இதற்கு என் தற்பெருமையைத் தவிர வேறு காரணமே கிடையாது.

மன்றம் தலைகீழானது. நிஜமான அழுகையா? அப்படியென்றால் யார்? அவள் செத்துப்போனதால்தான் விளையாட்டை நிறுத்தினார்களா? குரலைக் கேட்டவர்களுக்குக் கெட்டது நடக்கிறதாமே? ஒரு வாரத்தில் கதைகள் குட்டிபோட்டன. அந்தப் பதினோரு விநாடியைத் தனியே பிரித்தெடுத்துப் பாட்டோடு கலந்தார்கள், பேய்ச் சிரிப்போடு ஒட்டினார்கள். செல்போனில் அழைப்புச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் பிரான்சிலிருந்து ஒருவர் எழுதினார். புதுச்சேரியிலிருந்து அங்கே போய்க் குடியேறிய குடும்பமாம், அவருக்குத் தமிழ் அரைகுறை. தன் அம்மாவிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். அம்மா சொன்ன அர்த்தத்தை அப்படியே எழுதியிருந்தார்: மில் சங்கு, சட்டை, மூன்றாம் ஷிப்டு. இது எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு என்று அம்மா சொன்னதையும் நல்லெண்ணத்தோடு சேர்த்திருந்தார். மூன்றாம் நாள் இன்னொருவர் புதுச்சேரியின் பழைய மில்கள் எங்கே இருந்தன என்று படத்தோடு போட்டுவிட்டார். வேறொருவர் எழுதினார்: அடுத்த மாதம் இந்தியா வருகிறேன், குரலைப் போனில் வைத்துக்கொண்டு மில் தெருக்களில் வீடு வீடாகக் கேட்கப்போகிறேன்.

அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை. மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“பொய் சொன்னீங்கன்னு கூட எனக்கு வருத்தம் இல்ல சார். நான் ரெண்டாவது தடவ கேட்டிருக்கணும். கேட்டா வேற பதில் வந்துடுமோன்னுதான் கேக்கல” என்றார்.

பிறகு வழி சொன்னார். கைவிட்ட விளையாட்டைப் பற்றி வெளியே பேச மாட்டோம் என்று கம்பெனி கையெழுத்துப் போட்டிருந்தது. மீறினால், அதே நிறுவனம் தருவதாகச் சொல்லியிருந்த அடுத்த வேலையும் போய்விடும். அதை நம்பிப் பதினைந்து பேர் இருந்தார்கள். “அதனால அந்தப் பொய்ப்பேருலயே ஒரே வரி எழுதிடுங்க. சென்னைல ஒரு நடிகை பேசினது, முன்னாடி எழுதினது வெளயாட்டுக்குன்னு. தேடறதும் நின்னுடும், அந்தம்மாவுக்கும் தொந்தரவில்ல.”

யோசித்துப் பாருங்கள், அது கெட்ட யோசனை இல்லை. எல்லோருக்கும் நல்லது. பொய்தான், ஆனால் காப்பாற்றுகிற பொய். நான் எழுதவும் உட்கார்ந்தேன். பாதி வரியில் கை நின்றது. இந்தமுறையாவது சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

அண்ணி வேலை பார்த்தது எங்கள் தொழிற்பேட்டையிலேயே, இரண்டு தெரு தள்ளி, பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில். காலையில் எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போவார். என்னைப் பார்த்தால் சிரிப்பார். இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனேன். மதில் ஓரம் புங்கமர நிழலில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

“வா தம்பி. என்னா இந்தப் பக்கம்? சாப்ட்டியா?”

உட்கார்ந்தேன். வளைக்காமல் சொல்லிவிட்டேன். அண்ணன் சாவன்று பையில் ரெக்கார்டர் இருந்தது, உங்களிடம் கேட்காமல் எடுத்தேன், விளையாட்டில் வைத்தேன், இப்போது அது உலகம் பூராவும் சுற்றுகிறது.

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

“தெரியும்” என்றார்.

“அண்ணி?”

“மூலக்குளம் பஸ்ல ஒரு பையன் போனு அடிச்சுது. என் கொரலு. மொதல்ல எனக்கே புரியல. மலரு கூட இருந்தா, அவதான் என் கையப் புடிச்சா. எறங்கி வூட்டுக்கு நடந்தே போனோம்.” மலர் அவருடைய மகள். “யாரோ போனுல எடுத்திருக்காங்க, நாசமா போறவங்கன்னு நெனச்சோம். சாவுக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரா நெனச்சுப் பாத்தேன் தம்பி. ஒன்ன நெனைக்கல.”

சோற்றைச் சட்டியில் போட்டு மூடினார்.

“அந்த வெளயாட்டுல என்னா வரும்?”

“ஒரு பேய் அண்ணி. அதுக்குத்தான் உங்க குரல்.”

“அது என்னா பண்ணும்?”

“தொரத்தும். புடிச்சா கொன்னுடும்.”

“நான் யாரையும் தொரத்தலியே தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் பிழை இருப்பதை எடுத்துச் சொல்கிறவர்போலச் சொன்னார்.

அதை அழித்துவிட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஆயிரம் பேரிடம் போய்விட்டது, திரும்ப வாங்க வழியில்லை. அதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பிறகு மேடம் சொன்ன யோசனையைச் சொன்னேன். நடிகை என்று ஒரு வரி எழுதினால் யாரும் தேடி வரமாட்டார்கள்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“எம் புருசன் செத்ததுக்கு நான் நடிச்சேன்னு எழுதுவியா? ஒனக்கு வாயி வருமா?”

“வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்.”

“உள்ளத எழுது. அது பேயி இல்ல, ஒருத்தரோட பொண்டாட்டின்னு எழுது. நீதான் கேக்காம எடுத்தேன்னு எழுது. எம் பேரும் வாணாம், அவரு பேரும் வாணாம். வூட்டாண்ட எவனும் வரக்கூடாது.” எழுந்தவர் நின்றார். “மிச்சத்த வெச்சிருக்கியா? முழுசா?”

இருக்கிறது என்றேன்.

மறுநாள் மதியம் மலரையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்தார். மேடம் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போனார். நான் முழுப் பதிவும் இருந்த வட்டைப் போட்டேன். மலர் கேட்க மறுத்துவிட்டாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அண்ணி ஹெட்போனை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். அழவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் அவர் உதடு அசைந்தது, அண்ணனின் பெயர் வரும் இடங்கள். முடிந்ததும் கழற்றி வைத்தார்.

“போதும். ஒடச்சிடு.”

அவர் பார்க்க அந்த வட்டைக் கத்தரியால் நான்காக வெட்டினேன். கணினியில் இருந்ததை அழித்து, அழித்துவிட்டதைக் காட்டினேன். துண்டுகளை மலர் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையே வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். வீரத்துக்காக இல்லை. கம்பெனி ஆளாக இருந்து எழுதினால் அந்தப் பதினைந்து பேர் மாட்டிக்கொள்வார்கள், வெளியாள் எழுதினால் என் தலையோடு போகும். மேடம் கடிதத்தை வாங்கிப் படித்தார். “இது சரின்னு சொல்லமாட்டேன் சார். தப்புன்னும் சொல்லமாட்டேன்” என்று கையெழுத்துப் போட்டார்.

முதலியார்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, என் உண்மையான பெயரில் எழுதினேன். என் ஆங்கிலம் ஓட்டை ஆங்கிலம். ‘நீங்கள் கேட்கும் குரல் பேயுடையதல்ல. புருஷனை இழந்த ஒரு பெண்ணுடையது. அவரைக் கேட்காமல் அவர் வீட்டுச் சாவில் நான் திருடியது. அவர் உயிரோடு இருக்கிறார். தன் குரலை பஸ்ஸில் கேட்டிருக்கிறார். அவரைத் தேடாதீர்கள். குரலை எடுத்துவிடும்படி அவர் கேட்கிறார்.’ அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். என்னைத் திட்டியவர்கள் பலர். அது நியாயம். இதுவும் விளம்பர உத்திதான் என்று சிலர் சிரித்தார்கள். ஆனால் மன்றத்தை நடத்தியவர் அன்றே எல்லா இடத்திலிருந்தும் அந்த ஒலியை எடுத்தார். டெமோவையே பிரித்து, அழுகை இல்லாத ஒன்றை உண்டாக்கி, இனி இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டார்கள். அதில் அந்தப் பெண் சத்தமில்லாமல் வருவாள். தேடி வருகிறேன் என்று எழுதியவர் மறுபடி எழுதவே இல்லை. வந்தாரா, வரவில்லையா, தெரியாது. அந்த மாதம் முழுக்க மலர் தன் அம்மாவைத் தனியாக வெளியே விடவில்லை. எடுக்க மறுத்தவர்களும் உண்டு. இன்றைக்கும் எங்கோ ஒரு மூலையில் அந்தப் பதினோரு விநாடி இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து பிஸ்கட் கம்பெனி வாசலில் அண்ணியைப் பார்த்தேன். அவராகவே நின்றார்.

“எழுதினியா?”

“எழுதிட்டேன் அண்ணி.”

“என்னா சொன்னாங்க?”

தாளில் எழுதி வைத்திருந்த சிலவற்றைத் தமிழில் சொன்னேன். பிரான்சுக்காரரின் அம்மா, முதலில் கேட்டபோதே, சாவுச் செய்தி வந்த வீட்டில் செய்வதுபோல, எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டாராம். மகன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். இன்னொருவர், அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருஷம் விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்கினேன், இப்போது வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். அண்ணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

“இதுக்குப் போயி பயந்தாங்களா? அந்த ஊர்ல செத்தா யாரும் அழுவ மாட்டாங்களா தம்பி?”

உள்ளே மணி அடித்தது. போய்விட்டார். அதற்குப் பிறகு பார்க்கும்போது தலையசைப்பார், பேசமாட்டார். மலர் அதுவும் இல்லை. அது அப்படியேதான் இருந்தது. நான் அதை மாற்ற முயலவில்லை.

எட்டு மாதம் மறுபடி மைக்செட் கட்டினேன். மேடம் தனியாக ஒரு கம்பெனி ஆரம்பித்தபோது என்னைக் கூப்பிட்டார். முதல் நாள் என் மேசைமேல் ஒரு படிவம் வைத்திருந்தார், யார் குரலை எடுத்தாலும் அவர் படித்துக் கையெழுத்துப் போடவேண்டிய படிவம். இன்று நீங்கள் அலுத்துக்கொண்டே நிரப்புகிறீர்களே, அதுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது படிவத்தைப் பற்றியல்ல. அடுத்த வருஷம் வேறொரு விளையாட்டுக்கு ஒரு பாட்டுக்குரல் தேவைப்பட்டது. வில்லியனூர் பக்கம் நாற்று நடும் ஒரு பெண் பாடக் கேட்டேன். அப்படியொரு குரலை அதற்கப்புறம் நான் கேட்டதில்லை. ரெக்கார்டர் கையிலேயே இருந்தது, வரப்பில் நின்றபடி எடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. பாடி முடிக்கும்வரை காத்திருந்து, என்ன வேலை, எதற்கு என்று விளக்கிக் கேட்டேன். அவர் சேற்றுக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டே, “வாணாங்க” என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த விளையாட்டு வெளிவந்தது. அவர் குரல் வந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று வீசும். குறை என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை.